அடியில் பிடிப்பு, ஓரத்தில் இடைவெளி: சவரச் சோப்பு வில்லையும் அதன் கிண்ணமும்

சவரம் என்றதும் இன்று பலருக்கும் நினைவுக்கு வருவது டியூபில் வரும் க்ரீம், இல்லையென்றால் தலையை அழுத்தினால் பொங்கி வழியும் நுரை டப்பா. இவை இரண்டுக்கும் மூத்த ஒன்று இன்னும் கடைகளில் இருக்கிறது. வட்டமான, கெட்டியான ஒரு சோப்பு வில்லையும் அது உட்காரும் கிண்ணமும்தான் அது. லண்டனில் 1790-இல் தொடங்கிய டி.ஆர்.ஹாரிஸ், 1805-இல் தொடங்கிய ட்ரூஃபிட் அண்ட் ஹில் போன்ற பழைய கடைகள் இந்த வில்லைகளை மரக்கிண்ணத்தில் வைத்து விற்கின்றன. கம்பளி நெசவுக்குப் பேர்போன பிராட்ஃபோர்டு நகரின் பெயரோடு சேர்ந்த மிட்செல்ஸ் வுல் ஃபேட் சோப்பு, பீங்கான் கிண்ணத்தில் வருகிறது. சோப்பு தீர்ந்தால் கிண்ணத்தைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. மாற்று வில்லை தனியாகக் கிடைக்கும்.

சிக்கல் தொடங்குவது அந்த மாற்று வில்லையில்தான். சிலருக்கு வில்லை கிண்ணத்துக்குள் பாதி இறங்கி, மேலே நகராமல் கீழேயும் போகாமல் நின்றுவிடும். சிலருக்கு லொடலொடவென்று ஆடும். பிரஷை வைத்துச் சுழற்றினால் வில்லையும் கூடவே சுழலும். "சோப்புதானே, சூடு பண்ணி ஊற்றிவிட்டால் போயிற்று" என்றுதான் முதலில் தோன்றும். வில்லையைக் கெடுக்க அதைவிடச் சுருக்கு வழி கிடையாது. காரணம் புரிய வேண்டுமானால் வில்லைக்குள் என்ன இருக்கிறது, கிண்ணம் எப்படி நடந்துகொள்கிறது என்று இரண்டையும் பார்க்க வேண்டும்.

கிண்ணம் எதற்கு?

பிரஷ் வட்டமாகச் சுழல வேண்டும். அந்தச் சுழற்சியில்தான் சோப்பின் மேற்பரப்பு கரைந்து, தண்ணீரோடும் காற்றோடும் கலந்து நுரையாகிறது. செவ்வகச் சோப்புக் கட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு இதைச் செய்ய முடியாது. வில்லை வட்டமாக இருப்பதும், சுற்றுச்சுவர் உள்ள ஒன்றுக்குள் அது உட்காருவதும் இதற்காகத்தான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க முடிதிருத்தகங்களில் இந்த ஏற்பாடு பெரிய அளவில் பரவியது. ஒருவர் முகத்தில் பட்ட சோப்பு அடுத்தவருக்கு வந்தால் தோல்நோய் தொற்றும் என்ற பயத்தில், வாடிக்கையாளர்கள் தங்களுக்கென்று தனிக் கோப்பை வைத்துக்கொண்டார்கள். கடையின் சுவர் அலமாரியில், பெயர் எழுதிய பீங்கான் கோப்பைகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு வட்டச் சோப்பு. 1840-இல் கனெக்டிகட் மாநிலத்தில் தொடங்கிய ஜே.பி.வில்லியம்ஸ் நிறுவனம் இந்தக் கோப்பைகளுக்கென்றே செய்த வட்டச் சோப்பால் பெயர் வாங்கியது. 1904-இல் கிங் கேம்ப் ஜில்லெட் தன் பாதுகாப்பு ரேசருக்குக் காப்புரிமை பெற்றார். அதன்பின் சவரம் மெல்ல மெல்ல வீட்டுக்குள் வந்தது; கோப்பையும் கூடவே வந்தது. 1950-ஐ ஒட்டி நுரை டப்பா வந்த பிறகுதான் வில்லைக்கு மவுசு குறைந்தது. நம் ஊர்ச் சலூன்களிலோ, பிளாஸ்டிக் கிண்ணத்தில் வட்டச் சோப்பை வைத்துப் பிரஷால் கலக்கும் வழக்கம் அதற்குப் பிறகும் வெகுகாலம் நீடித்தது.

வில்லைக்குள் என்ன இருக்கிறது?

கொழுப்போடு காரம் சேர்ந்தால் சோப்பும் கிளிசரினும் உண்டாகும். கொழுப்புக்குள் பலவகை அமிலங்கள் அடங்கியிருக்கின்றன என்பதை பிரெஞ்சு வேதியியலாளர் மிஷேல் செவ்ரூல் 1823-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். எந்த அமிலம் எவ்வளவு என்பதைப் பொறுத்துச் சோப்பின் குணம் மாறுகிறது. தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். அது சட்டென்று பெரிய பெரிய குமிழியாக நுரைக்கும். அதே வேகத்தில் அடங்கியும் போகும். குளிக்க அது போதும். சவரத்துக்கு முகத்தில் சில நிமிடமாவது நிற்கிற, பொடிக்குமிழி அடர்ந்த நுரை வேண்டும். அதைத் தருவது ஸ்டியரிக் அமிலம். அதனால் சவரச் சோப்பில் ஸ்டியரிக் அமிலம் தாராளமாக இருக்கும்; தேங்காய் எண்ணெய் துணைக்கு வரும்.

காரத்திலும் வித்தியாசம் உண்டு. குளியல் சோப்பில் சோடியம் காரம். அதனால் கட்டி கெட்டியாக இருக்கிறது. பொட்டாசியம் காரம் சேர்த்தால் சோப்பு இளகும், தண்ணீரில் எளிதில் கரையும். சவர வில்லையில் பெரும்பாலும் இரண்டும் கலந்திருக்கும். கெட்டித்தன்மைக்குச் சோடியம், பிரஷ் பட்டதும் கரைந்து வருவதற்குப் பொட்டாசியம். நுரை முகத்திலேயே காய்ந்துவிடாமல் ஈரத்தைப் பிடித்துவைப்பது கிளிசரின்.

கலவை ஆனதும் சோப்பைக் காயவைத்து, சீவலாக்கி, உருளைகளுக்கு இடையே மறுபடி மறுபடி விட்டு அரைக்கிறார்கள். 'மூன்று முறை அரைத்தது' என்று அட்டையில் பெருமையாகப் போடுவது இதைத்தான். கொதிகலனில் இருந்து வரும்போது 30 சதவீதம் போல இருந்த தண்ணீர், காய்ந்து அரைபட்ட பிறகு 10 முதல் 14 சதவீதத்துக்குள் இறங்கிவிடும். பிறகு எந்திரத்தில் அழுத்தித் தண்டாக வெளியே தள்ளி, வெட்டி, அச்சில் முத்திரை குத்துகிறார்கள். உள்ளே காற்றுக்கு இடமே இல்லாத இறுக்கம். அந்த இறுக்கம்தான் 100 கிராம் வில்லையை, தினமும் சவரம் செய்பவருக்கும் மாதக்கணக்கில் உழைக்க வைக்கிறது.

உருக்கினால் என்ன ஆகும்?

மெழுகைச் சூடாக்கினால் உருகி நீராக ஓடும். ஆறினால் மறுபடி மெழுகு. சோப்பு அப்படி இல்லை. சோடியம் ஸ்டியரேட் போன்ற உப்புகள் அடுப்புச் சூட்டில் தெளிவாக உருகுவதில்லை. பசையாகக் குழைந்து, ஓடவும் மாட்டாமல் நிற்கவும் மாட்டாமல் இழுபடும். மைக்ரோவேவில் வைத்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகி, வில்லை உப்பிப் பஞ்சாகிவிடும். காற்றுக் குமிழி கலந்து செய்யப்படும் ஐவரி சோப்பை மைக்ரோவேவில் வைத்து மேகம் போலப் பொங்க வைப்பது அமெரிக்கப் பள்ளிகளில் பிரபலமான செய்முறை. அரைத்த வில்லை அந்த அளவுக்குப் பொங்காது. ஆனால் எந்திரம் பாடுபட்டு வெளியேற்றிய காற்று திரும்ப உள்ளே போய்விடும். வாசனை எண்ணெயில் ஒரு பங்கு ஆவியோடு போய்விடும். மிஞ்சுவது சீக்கிரம் தேயும் ஒரு சோப்பு.

உருக்கி ஊற்றவென்றே செய்யப்பட்ட, கண்ணாடி போல ஒளி ஊடுருவும் கிளிசரின் சோப்பு மட்டும் இதற்கு விதிவிலக்கு. அதைத் தாராளமாக உருக்கலாம்.

அப்படியானால் வில்லையை வழிக்குக் கொண்டுவருவது எப்படி? வெந்நீர். ஒவ்வொரு சோப்பு வகைக்கும் ஒரு வெப்பநிலை உண்டு. அதற்குக் கீழே அது தண்ணீரில் சரியாகக் கரையாது. மேலே போனால் கரைதிறன் திடீரென்று ஏறும். ஜெர்மானிய வேதியியலாளர் ஒருவரின் பெயரால் இதைக் கிராஃப்ட் வெப்பநிலை என்கிறார்கள். சுத்தமான சோடியம் ஸ்டியரேட்டுக்கு இது 70 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கிறது. பொட்டாசியமும் தேங்காய் எண்ணெயும் கலந்திருப்பதால் சவர வில்லையில் அவ்வளவு சூடு தேவைப்படாது. பச்சைத் தண்ணீருக்கு மசியாத வில்லை, கை பொறுக்கும் வெந்நீரில் ஓரிரு நிமிடம் பட்டாலே மேற்பரப்பு வழுவழுப்பாகக் குழைவது இதனால்தான். மேல்தோல் மட்டும் இளகும், உள்ளே இறுக்கம் அப்படியே இருக்கும். நமக்கு வேண்டியதும் அவ்வளவுதான்.

கிண்ணமும் சும்மா இருப்பதில்லை

பீங்கானும் எவர்சில்வரும் ஈரத்துக்கு அசையாது. மரம் அசையும். அதுவும் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி அசையாது. பச்சை மரம் முழுக்கக் காயும்போது, ஐரோப்பிய பீச் மரம் ஆண்டு வளையத்தின் போக்கில் 12 சதவீதம் போலச் சுருங்கும். வளையத்துக்குக் குறுக்கே 6 சதவீதம் போலத்தான். தேக்கில் இவை ஏறக்குறைய 5, 2.5 சதவீதம். கடைசலில் துல்லிய வட்டமாகக் கடைந்த பீச் கிண்ணம்கூட பருவம் மாறினால் லேசான நீள்வட்டமாகிவிடும். உள்விட்டம் 60 மில்லிமீட்டர் என்று வையுங்கள். மரத்தின் ஈரம் 5 சதவீதம் மாறினால் ஒரு பக்கம் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேலும், மறுபக்கம் அதில் பாதியும் விட்டம் மாறும். வட்ட வில்லை நீள்வட்டத்துக்குள் எப்படி இறங்கும்?

வில்லையும் சும்மா இல்லை. கிளிசரின் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். நுரை அடித்த பிறகு வில்லை சற்று உப்பும். பல வாரம் காய்ந்து கிடந்தால் தண்ணீரை இழந்து சுருங்கும். மழைக்காலத்தில் மரக்கிண்ணத்தில் வில்லையை இறுக்கி அடித்து இறக்கினால், கோடையில் மரம் சுருங்கும்போது நடுவில் விட்டுக்கொடுக்காத சோப்பு நிற்கும். விரிசல் விடுவது கிண்ணம்தான்.

ஆகவே, வில்லையைப் பக்கவாட்டில் இறுக்கக் கூடாது. அது அடியில் ஒட்டிக்கொள்ள வேண்டும். சுற்றிலும் ஒரு மில்லிமீட்டராவது இடைவெளி இருக்க வேண்டும். கீழே சொல்லும் எல்லா வழிகளும் இந்த ஒரு விதிக்கு அடங்கியவை.

பொருத்தும் முறை

வில்லை பெரிதாக இருந்தால் சுத்தியல், கட்டை எதுவும் வேண்டாம். காய் நறுக்கும் கத்தியின் கூரிய முனையைப் பக்கவாட்டில் சாய்த்து, வில்லையைச் சுற்றிச் சுற்றி மெல்லிய சீவலாக எடுங்கள். அடி விளிம்பின் கூரான முனையையும் சாய்வாகச் சீவிவிட்டால் உள்ளே வழுக்கிக்கொண்டு போகும். சீவல்களைத் தூக்கிப்போட வேண்டாம், வேலை இருக்கிறது.

அந்தச் சீவலில் ஒரு தேக்கரண்டி அளவு எடுத்து, சில சொட்டு வெந்நீர் விட்டு, சப்பாத்தி மாவுப் பதம் வரும்வரை விரலால் பிசையுங்கள். கிண்ணத்தின் அடியைத் துடைத்துவிட்டு, இந்தப் பசையை நடுவில் சற்று உயரமாகவும் ஓரத்தில் தாழ்வாகவும் தடவுங்கள். வில்லையின் அடிப்பக்கத்தை மட்டும் வெந்நீரில் ஒரு நிமிடம் காட்டி, பசையின் மேல் வைத்து, இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தியபடி கால் திருப்பு வலது பக்கம், கால் திருப்பு இடது பக்கம் திருகுங்கள். நடுவில் உயரமாகத் தடவியதால் காற்று ஓரத்தை நோக்கி வெளியேறும். காற்று உள்ளே சிக்கினால் பீங்கான் கிண்ணத்தில் வில்லை மேலே எம்பிக்கொண்டு வரும். ஓரத்தில் பிதுங்கும் பசையை வழித்துவிட்டு, ஒரு நாள் தொடாமல் காயவிடுங்கள். மறுநாள் கிண்ணத்தைக் கவிழ்த்தாலும் விழாது.

வில்லை சிறிதாக இருந்தாலும் இதே முறைதான், பசைக்கு வேண்டிய அளவு மட்டும் சீவினால் போதும். ஓர இடைவெளியைச் சோப்பால் அடைக்கத் தேவையில்லை. தண்ணீர் தங்குகிறதே என்று கவலையிருந்தால், சவரம் முடிந்ததும் கிண்ணத்தைச் சாய்த்து வடித்தால் போதும்.

வில்லையின் வடிவமே கிண்ணத்துக்கு ஒத்துவரவில்லை என்றால் கடைசி வழி, காய்த்துருவியில் முழுவதையும் துருவி, கொஞ்சம் கொஞ்சமாக வெந்நீர் தெளித்து, கிண்ணத்தில் அமுக்கி நிரப்புவது. அரைத்த இறுக்கம் போய்விடும், சோப்பு வேகமாகத் தேயும். ஆனாலும் உருக்கியதைவிட நன்றாகவே இருக்கும்.

பழைய சோப்பின் மிச்சம் அடியில் ஒட்டியிருந்தால் சுரண்ட வேண்டாம். ஈரப்படுத்திவிட்டு அதன் மேலேயே புது வில்லையை ஒட்டலாம். அதைவிட நல்ல பசை இல்லை. கட்டாயம் எடுத்தாக வேண்டுமென்றால் பீங்கான் கிண்ணத்தை ஃப்ரீசரில் சில மணி நேரம் வைத்துத் தட்டுங்கள். குளிரில் சோப்பு பீங்கானைவிட அதிகம் சுருங்குவதால் கழன்று வரும். மரக்கிண்ணத்துக்கு இந்த வைத்தியம் ஆகாது.

இன்னொன்று. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் அதிகம். ஸ்டியரேட் அவற்றோடு சேர்ந்தால் கரையாத வெள்ளைக் கசடாகி, ஓரத்திலும் அடியிலும் படியும். நுரையும் சரியாக எழாது. வில்லையைக் குறை சொல்வதற்கு முன் குடிதண்ணீரில் ஒருமுறை நுரை அடித்துப் பாருங்கள்.

எந்தக் கிண்ணம் நல்லது என்று கேட்டால், பார்க்க அழகு மரம்தான். ஆனால் நம் ஊர்க் குளியலறை ஈரத்துக்கும், ஐப்பசிக்கும் சித்திரைக்கும் உள்ள வித்தியாசத்துக்கும், பளபளப்புப் பூசிய பீங்கானோ எவர்சில்வரோதான் கட்டுப்படியாகும். மாற்று வில்லை வாங்கப் போகுமுன் கிண்ணத்தின் உள்விட்டத்தை ஸ்கேல் வைத்து அளந்துகொள்ளுங்கள். வளைவான அடி என்றால் அடியின் அகலத்தையும் சேர்த்து அளங்கள். வில்லையின் விட்டம் அதைவிட 2 மில்லிமீட்டர் குறைவாக இருந்தால் தயங்காமல் வாங்கலாம்.