தாம்பூலத்தில் ஒரு கூறைக் கரை

காஞ்சிபுரத்தில் ஏகாலியர் குலத்தில் தோன்றிய திருக்குறிப்புத் தொண்ட நாயனாரை ஆட்கொள்ள வந்த இறைவன், பட்டுடுத்தி வரவில்லை. குளிரில் நடுங்கும் மெலிந்த அடியவராக, அழுக்கேறிய கந்தை ஒன்றைப் போர்த்தி வந்தான். பொழுது சாய்வதற்குள் வெளுத்துத் தருவதாக நாயனார் அதை வாங்கிக்கொண்டார். மழை பிடித்துக்கொண்டது, துணி உலரவில்லை. ஒரு கந்தைக்காகத் துணி துவைக்கும் கல்லிலேயே தம் தலையை மோதிக்கொள்ளத் துணிந்த அந்தத் தொண்டரை, கல்லிடையே எழுந்த இறைவன் திருக்கை தடுத்தது.

பெரிய புராணத்தில் துணியோடு வாழ்ந்தவர்கள் இன்னும் இருவர் உண்டு. நேச நாயனார் நெய்தவர். கீளும் உடையும் கோவணமும் தம் தறியிலிருந்து அடியார்க்கு அளித்தவர். பழையாறை அமர்நீதி நாயனார் துணி வணிகர். திருநல்லூரில் ஒரு கோவணத்துக்கு ஈடாகத் தம்மிடமிருந்த பட்டும் பொருளும் எல்லாம் தராசில் வைத்தும் தட்டு சமன்படாமல், இறுதியில் மனைவி மகனோடு தாமே ஏறி அமர்ந்தவர். வெளுத்தவர், நெய்தவர், விற்றவர் என மூவர் வரலாற்றிலும் துணியின் மதிப்பு கடைவிலையால் அளக்கப்படவில்லை.

சென்ற ஆண்டு நவராத்திரிக்குச் சில வாரங்கள் முன்பு, கொலுப் பொம்மைப் பெட்டிகளோடு சேர்த்து அம்மாவின் பழைய டிரங்குப் பெட்டியையும் இறக்கியபோது இந்தக் கதைகளெல்லாம் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. பெட்டியின் அடியில் அம்மாவின் கூறைப் புடவை இருந்தது. அரக்கு நிறத்தில் ஒன்பது கஜம். அதை இரு கைகளாலும் தூக்கியவுடன், மடிப்பு இருந்த இடங்களில் எல்லாம் ஓசையின்றிப் பிளந்தது. அம்மா மறைந்து ஐந்து ஆண்டுகளாக அதை எவரும் விரித்துப் பார்க்கவில்லை. குற்றம் முழுவதும் எங்களுடையதே.

பட்டு என்பது புழு நூற்ற இழை. நம் கூந்தலைப் போலப் புரதத்தால் ஆனது. ஒரே மடிப்பில் பல ஆண்டுகள் கிடந்தால் மடிப்புக் கோட்டில் இழைகள் வலுவிழந்து முறியும். ஜரிகையின் பாரம் அந்த முறிவை விரைவுபடுத்தும். செந்நிறப் பட்டிழையின்மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதற்குப் பொன்முலாம் பூசுவதே அசல் ஜரிகை. காற்றும் ஈரமும் பட்டு வெள்ளி கறுக்கும். இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை பிரித்து, நிழலில் உலர்த்தி, மடிப்பை மாற்றி, பழைய வேட்டியில் சுற்றி வைத்திருந்தால் இன்னும் பல காலம் இருந்திருக்கும். நம் பாட்டிமார் வசம்பும் வேப்பிலையும் இட்டு அப்படித்தான் வைத்தார்கள். நாங்கள் நெகிழிப் பையில் இட்டு, பாச்சை உருண்டையும் போட்டு, கடமை முடிந்ததென்று இருந்துவிட்டோம்.

தெருவில் பழைய பட்டுப் புடவை வாங்குகிறவர் ஒருவர் வருவதுண்டு. அவரிடம் காட்டினோம். கரையை உரைகல்லில் தேய்த்துப் பார்த்து, அசல் ஜரிகைதான் என்றார். நல்ல விலையும் சொன்னார். புடவையை என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு, மறைக்காமல் சொன்னார்: எரித்துவிட்டு வெள்ளியைப் பிரித்தெடுப்பார்கள். அதில் தவறேதும் இல்லை; அது அவர் தொழில். ஆனால் அம்மா மாங்கல்யம் ஏற்ற புடவையை நெருப்பில் இடக் கொடுக்க எங்களுக்கு மனம் இல்லை.

அப்போதுதான் என் மகள் சொன்னாள், “தாம்பூலப் பையில் கட்டுகிற சீட்டாகச் செய்யலாமே அம்மா.” பரிசுப் பொருள்களில் தொங்கவிடும் ‘கிஃப்ட் டேக்’கைத்தான் அவள் சொன்னாள். கடையில் பளபளக்கும் அட்டையில் கிடைக்கிறது. வாங்கியவர் அன்றே கிழித்து எறிகிறார்.

பெரியம்மாவுக்கு இது துளியும் பிடிக்கவில்லை. “கூறையிலே கத்திரிக்கோல் வைக்கிறதா? கிழிசலை மங்கலத்துக்குக் கொடுப்பாளா யாராவது?” என்றார். அவர் கேட்டதில் பொருள் இருந்தது. கிழிந்த ஆடையும் தீப்பட்ட ஆடையும் பூஜைக்கும் தானத்துக்கும் ஆகா என்பது நம் மரபு. அதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஆயினும் அதே மரபில்தான் பழைய புடவை குழந்தைக்குத் தூளியாகிறது. தாயும் பாட்டியும் உடுத்து நைந்த துணிதான் பிள்ளையின் உடம்புக்கு மெத்தென்று இருக்கும் என்று தேடி எடுத்துக் கிழிக்கிறோம். அமங்கலம் என்று எவரும் சொல்வதில்லை. கோயில் தேரில் அசைந்தாடும் தொம்பைகள்கூட, வண்ணத் துணிகளை உருவங்களாக வெட்டி ஒன்றின்மேல் ஒன்று வைத்துத் தைத்தவையே. கத்திரிக்கோல் பட்டதால் அவற்றின் பெருமை குறைந்ததில்லை.

பெரியம்மா இதற்கு விடை சொல்லவில்லை, இசையவும் இல்லை. “முந்தானையைத் தொடாதே” என்று மட்டும் சொன்னார். திருமணத்தில் அப்பாவின் அங்கவஸ்திரத்தோடு முடிச்சிட்ட தலைப்பு அது. அதைத் தொடவில்லை. கிழிந்த உடல் பகுதியையும் ஒதுக்கிவிட்டோம். பல பழைய புடவைகளில் காண்பது போலவே இதிலும் உடல் நைந்த பின் கரை உறுதியாக நின்றது. கிழிசல் இல்லாத கரையிலிருந்து மட்டுமே எடுப்பது என்று முடிவாயிற்று. தாம்பூலத்தில் வைக்கும் ரவிக்கைத் துணி புதியதுதான். சீட்டு அதன் அடையாளமே அன்றி, தானப் பொருள் அன்று.

இன்னொன்றையும் அப்போதே பேசி வைத்துக்கொண்டோம். அம்மனுக்குச் சாத்திய பின் பிரசாதமாக வந்த புடவைத் துண்டுகளும் வீட்டில் சில இருந்தன. அவற்றை இந்த வேலைக்கு எடுக்கவில்லை. எவ்வளவு அழகாகச் செய்தாலும் சீட்டு ஒருநாள் குப்பைக்குப் போகக்கூடும். காலில் மிதிபடவும் கூடும். தெய்வத் திருமேனியில் பட்ட துணிக்கு அந்த நிலை வரக் கூடாது. இதே காரணத்தால் சீட்டில் தெய்வ உருவமும் தேவை இல்லை என்பது என் கருத்து. கடைச் சீட்டுகளில் பிள்ளையாரை அச்சிட்டு விற்பது எனக்கு எப்போதும் உறுத்தலாகவே இருக்கிறது.

செய்முறை கடினமன்று, பொறுமை வேண்டும். பழைய பட்டை நீரில் நனைக்கக் கூடாது. மெல்லிய பருத்தித் துணியை மேலே விரித்து, குறைந்த சூட்டில் தேய்த்துக் கரையை நேராக்கினோம். அடியில் நைந்த மல் வேட்டித் துண்டை வைத்து, மைதாப் பசையை மிக மெல்லியதாகத் தடவி ஒட்டி, ஒரு நாள் முழுதும் நிழலில் காயவிட்டோம். வெட்டுவது அதன் பிறகுதான். முதலில் வெட்டி, பின்பு ஒட்ட முயன்றால் இழை இழையாகப் பிரிந்துவிடும். நாங்கள் முதல் ஐந்தை அப்படித்தான் பாழாக்கினோம். பசை நிறைய ஆனால் பட்டின்மேல் ஊறி வெளிறிய கறை விழும். அதிலும் சில போயின. வெட்டிய ஓரங்களுக்குக் காஜாத் தையல் போட்டாள் மகள்.

முதுகு அட்டைக்குப் பழைய திருமண அழைப்பிதழ்கள் உதவின. தெய்வப் படமும் பெயரும் அச்சிட்ட பகுதிகளை வெட்டித் தனியே வைத்துவிட்டு, எழுத்தில்லாத பகுதிகளை மட்டும் பயன்படுத்தினோம். ஊசியால் முன்கூட்டியே துளையிட்டுக்கொண்டால் அட்டையோடு சேர்த்துத் தைப்பது எளிது. மேலே ஒரு துளை, அதில் மஞ்சள் தோய்த்த நூல். ஒரு பக்கக் கரையில் நல்லதாகக் கிடைத்தது ஏறத்தாழ 4 கஜம். 3 அங்குலத்துக்கு ஒன்றாக வெட்டியதில், பாழானவை போக 37 சீட்டுகள் தேறின.

பின்புறம் என்ன எழுதுவது என்பதில் சிறு விவாதம் நடந்தது. ‘நவராத்திரி வாழ்த்துகள்’ என்று எழுதலாம் என்றார் என் கணவர். முடிவில் அம்மாவின் பெயரையும், ‘இவர் கூறைப் புடவையின் கரை’ என்ற ஒரு வரியையும் மட்டும் எழுதினோம். நவராத்திரிக்கு வாங்கும் ரவிக்கைத் துணி வீடு வீடாகச் சுற்றி, மறு ஆண்டு கொடுத்தவரிடமே திரும்பி வருவது நாம் அறிந்த வேடிக்கைதான். துணி சுற்றட்டும், சீட்டை அவிழ்த்து வைத்துக்கொள்வார்கள் என்று நம்பினோம். வைத்துக்கொள்ளாதவர்களும் இருந்தார்கள். அடுத்த தெரு வீட்டில் அதை அலமாரிச் சாவியில் கட்டியிருக்கிறார்கள். அம்மாவோடு கோயிலில் ஒன்றாகத் திருவிளக்குப் பூஜை செய்த முதிய அம்மாள் ஒருவர், பெயரைப் படித்துவிட்டுக் கொலுவின் முன்பே அமர்ந்து, அம்மா பாடும் பாட்டு ஒன்றைப் பாதி வரை பாடினார். மீதி அவருக்கு நினைவில்லை, எங்களுக்கும் இல்லை.

விஜயதசமிக்கு மறுநாள் பெரியம்மா ஊருக்குப் புறப்பட்டார். ஒரு சீட்டு மிஞ்சியிருந்தது. கேட்காமலே எடுத்துத் தம் லலிதா சஹஸ்ரநாமப் புத்தகத்தில் அடையாளமாக வைத்துக்கொண்டார். “தையல் இன்னும் நெருக்கமாகப் போட்டிருக்கலாம்” என்றார்.

முந்தானை மட்டும் பெட்டியில் இருக்கிறது. இப்போது வேட்டியில் சுற்றி, வசம்பு வைத்து. தை பிறந்ததும் எடுத்து மடிப்பை மாற்ற வேண்டும்.