ஆழம் தெரியாமல் காலை விடலாமா?



கடையைப் பூட்டிவிட்டு நான்கு நாள் வெளியூர் போவதென்றால் நம்மில் பலருக்கு மனம் வராது. வாடிக்கையாளர் எதிர்க்கடைக்குப் போய்விடுவாரோ, வரவேண்டிய பாக்கி நின்றுவிடுமோ என்ற கவலைதான் காரணம். ஆனால் இப்போது பிள்ளைகள் தலையெடுத்துவிட்டார்கள். பழநி, திருச்செந்தூர் என்று இருந்த நம்மை அந்தமானுக்கும் மாலத்தீவுக்கும் அழைத்துப் போகிறார்கள். அதோடு விடுவதில்லை. முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக் கடலுக்கு அடியிலும் இறங்கச் சொல்கிறார்கள். ஸ்கூபா டைவிங் என்று அதற்குப் பெயர்.

எங்கள் குடும்பம் இதற்காக இருமுறை அந்தமான் போய் வந்தது. 2019 ஜனவரியில் ஒருமுறை, 2023 பிப்ரவரியில் ஒருமுறை. இரண்டு முறையும் அதே தீவு, அதே கடல். முதல் பயணத்தை நினைத்தால் இன்றும் வேதனை. இரண்டாவதை நினைத்தால் மனம் நிறைகிறது. அந்த வித்தியாசம் எதனால் வந்தது என்பதை வரவு செலவு பார்ப்பதுபோல் கூட்டிக் கழித்துப் பார்த்தோம். குடும்பத்தோடு போக எண்ணியிருக்கும் உறுப்பினர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறோம்.

நமக்குத் தெரிந்த தீவுதான்

அந்தமான் நம் வியாபாரத்துக்குப் புதிய இடமல்ல. பருப்பு, புளி, வெங்காயம் என்று சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலில் போகிறது. கப்பலில் மூன்று நாள் ஆகும், விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். போர்ட் பிளேருக்கு 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். அங்கே தமிழ் பேசுகிற கடைக்காரர்கள் நிறைய உண்டு. அங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டர் கடல் வழியே போனால் ஹேவ்லாக் தீவு. 2018 டிசம்பரில் அதற்கு சுவராஜ் தீவு என்று பெயர் சூட்டினார்கள். கடலுக்குள் இறங்க வருகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் வருகிறார்கள். கரையை ஒட்டியே பவளப்பாறைகள் இருப்பதுதான் காரணம்.

போகும் காலம் முக்கியம். நவம்பர் முதல் ஏப்ரல் வரை நல்ல பருவம். பள்ளி விடுமுறை என்று மே மாதக் கடைசியில் போனால் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும். கடல் கலங்கும், படகு ஓடாது, பணம் கட்டிவிட்டு அறைக்குள் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

கடலுக்கு அடியில் என்ன நடக்கிறது?

நம் முத்துக்குளிப்பவர்களும் சங்கு எடுப்பவர்களும் ஒரே மூச்சில் மூழ்கி எழுந்தவர்கள். ஸ்கூபா அப்படியல்ல. பிரான்சு நாட்டின் ழாக் கூஸ்தோ என்ற கடற்படை அதிகாரியும் எமில் காஞான் என்ற பொறியாளரும் 1943இல் ஒரு கருவி செய்தார்கள். சிலிண்டரில் அடைத்த காற்றை, வெளியே உள்ள நீரின் அழுத்தத்துக்குச் சமமாக, மூச்சு இழுக்கும்போது மட்டும் தருகிற கருவி அது. ரெகுலேட்டர் என்கிறார்கள். இன்றைய கருவிகள் எல்லாம் அதன் வழி வந்தவைதான்.

கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் தரையில் உள்ள காற்றழுத்தத்தின் அளவு ஒரு மடங்கு கூடுகிறது. தரையில் ஊதிக் கட்டிய பலூன் 10 மீட்டரில் பாதியாகச் சுருங்கிவிடும். நம் காதுக்குள்ளும் காற்று இருக்கிறது அல்லவா? அதுவும் சுருங்கும். செவிப்பறை உள்ளே இழுபடும். மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊதினால் காதுக்குள் காற்றுப் போய்ச் சரியாகும். இதை வலி வருவதற்கு முன்பே, ஒவ்வொரு மீட்டருக்கும் செய்ய வேண்டும். சளி பிடித்திருந்தால் அந்த வழி அடைபட்டிருக்கும். எவ்வளவு ஊதினாலும் காற்றுப் போகாது.

அடுத்தது, மூச்சை அடக்கவே கூடாது. அடக்கிக்கொண்டு மேலே வந்தால் நுரையீரலில் உள்ள காற்று விரிந்து உயிருக்கே ஆபத்து.

மூன்றாவது, மெல்ல ஏற வேண்டும். அழுத்தத்தில் சுவாசிக்கும்போது நைட்ரஜன் இரத்தத்தில் கரைகிறது. கோலி சோடாவைச் சட்டென்று உடைத்தால் பொங்குகிறதல்லவா? அதுபோல வேகமாக மேலே வந்தால் உடம்புக்குள் குமிழி கட்டும். மூட்டு வலியில் தொடங்கிக் கைகால் செயலிழப்பது வரை கொண்டுபோய் விடலாம்.

இந்த மூன்றையும் அறிந்தவரோடு இறங்கினால் பயமில்லை. 2019இல் நமக்கு இதில் ஒன்றும் தெரியாது.

2019: பட்ட பாடு

மொத்தப் பயணத்தையும் ஒரு முகவரிடம் ஒப்படைத்திருந்தோம். நான்கு இடத்தில் விலை கேட்டு, குறைந்த விலைக்காரரைப் பிடித்ததில் நமக்குப் பெருமையும் இருந்தது. தீவுக்குப் போய் இறங்கியதும் ஒரு தாளை நீட்டினார்கள். "ஒண்ணுமில்லை சார், சும்மா ஒரு கையெழுத்து" என்றார்கள். அது உடல்நிலை பற்றிய கேள்விப் பட்டியல். ஆஸ்துமா, இதய நோய், வலிப்பு, காது அறுவை, சாப்பிடும் மாத்திரைகள் என்று வரிசையாகக் கேட்டிருந்தது. யாரும் படிக்கவில்லை. பத்து ரூபாய் சரக்குக்குப் பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற நாம், உயிர் சம்பந்தப்பட்ட தாளில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டோம்.

நம் தம்பிக்கு அன்று ஜலதோஷம். கிணற்றில் குதித்து அடித்தரை மண்ணை அள்ளி வந்து காட்டுகிற ஆள் அவர். கடலுக்கடியில் போக வேண்டும் என்று எங்களில் அதிகம் ஆசைப்பட்டவரும் அவர்தான். ஆனாலும் அன்று காலை, "மூக்கு அடைச்சிருக்குண்ணே, நாளைக்குப் பார்த்துக்கலாமா?" என்று கேட்டார்.

"பணம் கட்டியாச்சு. திருப்பித் தரமாட்டாங்க. இறங்கு" என்று சொன்னது நாம்தான்.

மூன்று பேருக்கு ஒரே பயிற்சியாளர். சைகைகளைக்கூட ஒழுங்காகச் சொல்லித்தரவில்லை. கட்டைவிரலை உயர்த்தினால் கடலுக்கடியில் 'நன்றாயிருக்கிறேன்' என்று பொருளல்ல, 'மேலே போகலாம்' என்று பொருள். விரல்களை வளையமாக்கிக் காட்டினால்தான் 'நலம்'. காதில் வலி என்றால் உள்ளங்கையை அசைத்துவிட்டுக் காதைச் சுட்ட வேண்டும். தம்பிக்கு ஐந்து மீட்டரிலேயே காதில் ஊசி குத்துவதுபோல் வலி. என்ன சைகை காட்டுவதென்று தெரியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு கீழே போயிருக்கிறார். காதுக்குள் ஏதோ வெடித்தது போலிருந்ததாம். குளிர்ந்த நீர் உள்ளே புகுந்ததும் மேல் எது கீழ் எது என்று தெரியாமல் தலை சுற்றியதாம். பயிற்சியாளர் கவனித்து மேலே கொண்டுவந்தபோது வாந்தி, காதில் இரத்தம்.

செவிப்பறை கிழிந்திருந்தது. மீதி நாள்கள் அறையிலும் மருத்துவமனையிலும் போயின. மிச்சம் பிடித்ததைப்போல் பல மடங்கு செலவு. ஊர் திரும்பிச் சில வாரத்தில் கிழிசல் ஆறியது. ஆனால் அந்தக் காதில் கேட்கும் திறன் முழுதாகத் திரும்பவில்லை. இனி ஆழத்துக்கு இறங்கவே கூடாது என்று காது மருத்துவர் சொல்லிவிட்டார். இன்றும் தம்பி கல்லாவில் உட்கார்ந்தால் போனை வலது காதில்தான் வைப்பார். அதைப் பார்க்கும்போதெல்லாம் நாம் சொன்ன அந்த வார்த்தை நமக்கு நினைவு வரும்.

2023: வேண்டாம் என்று சொன்ன கடை

தம்பி மகள் படித்து முடித்த கையோடு, "பெரியப்பா, நான் போகணும்" என்று நின்றாள். நமக்குத் துணிச்சல் இல்லை. தம்பிதான், "பிள்ளை ஆசையை ஏன் கெடுக்கணும்? இந்தத் தடவை விசாரிச்சுப் போவோம்ணே" என்றார்.

விசாரித்துப் போன இடத்தில் பயிற்சியாளர் தமிழர். அவர் தந்தை தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து குடியேறியவராம். அதே கேள்விப் பட்டியலைக் கொடுத்து, ஒவ்வொரு வரியாக வாசிக்கச் சொன்னார். இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் நாம் சாப்பிடுகிற மாத்திரைகளைக் கேட்டுவிட்டு, "மருத்துவர் எழுத்து மூலமாகச் சம்மதம் தந்தால் ஒழிய உங்களை இறக்க முடியாது ஐயா" என்றார். நமக்குக் கோபம் வந்தது. ஊருக்குப் போன் செய்தால் நம் மருத்துவரும் அதையே சொன்னார். பயிற்சியாளர் நமக்குரிய முன்பணத்தை எண்ணிக் கையில் வைத்தார். "இது எங்களுக்கு ஒருநாள் வியாபாரம். உங்களுக்கு ஒன்று ஆகிவிட்டால் எங்கள் கடை அன்றோடு முடிந்தது" என்றார்.

மறுநாள் காற்று அதிகம் என்று படகையே எடுக்கவில்லை. பிள்ளை முகம் வாடியது. இன்னொரு கடைக்காரர் நான்கு பேரை ஏற்றிக்கொண்டு போனதைக் கரையிலிருந்து பார்த்தோம். இவர் அசையவில்லை.

மூன்றாம் நாள் காலை கடல் தாம்பாளம் போல் இருந்தது. முதலில் இடுப்பளவு நீரில் அரைமணி நேரம் பயிற்சி. முகக்கண்ணாடிக்குள் நீர் புகுந்தால் வெளியேற்றுவது, வாயிலிருந்து ரெகுலேட்டர் கழன்றால் எடுத்து மாட்டுவது, காதைச் சரிசெய்வது, சைகைகள் எல்லாம் சொல்லித்தந்தார். பிறகு பிள்ளைக்குத் துணையாக ஒரே பயிற்சியாளர் மட்டும் இறங்கினார். பயிற்சிச் சான்று இல்லாமல் முதன்முறை இறங்குபவர்களுக்கு 12 மீட்டர்தான் எல்லை. அவளை எட்டு மீட்டருக்கு மேல் கூட்டிப் போகவில்லை.

தம்பியும் நாமும் மிதவைச் சட்டை மாட்டிக்கொண்டு, முகக்கண்ணாடியும் மூச்சுக் குழாயும் வைத்து, மேலேயே மிதந்து பார்த்தோம். மான்கொம்பு போல, மூளை போல, விசிறி போலப் பவளங்கள். 2010இல் கடல் சூடேறி அந்தமான் பவளங்கள் வெளுத்துப் பெருமளவு மடிந்தன. அந்தச் சேதத்தின் அடையாளமும் தெரிந்தது, புதிதாக வளர்ந்ததும் தெரிந்தது. களவா மீன் பாறையிடுக்கில் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. கிளிமீன் கூட்டம் பவளத்தைக் கொறித்தது. கீழே பிள்ளையின் மூச்சுக் குமிழிகள் வெள்ளிக்காசு போல் மேலே வந்தபடி இருந்தன. தம்பி அந்தக் குமிழிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கரை ஏறியதும், "கீழே போகலேன்னா என்னண்ணே, எல்லாம் தெரியுதே" என்றார். பிள்ளைக்கோ ஓர் ஆமை பக்கத்தில் நீந்திப் போனதைச் சொல்லி மாளவில்லை.

போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை

1. உடல்நிலைப் படிவத்தை வாசித்து உண்மையை எழுதுங்கள். மறைத்தால் ஏமாறுவது நாமே.

2. சளி, காது வலி இருந்தால் அன்று இறங்காதீர்கள். பயணத்தில் ஒருநாளை உபரியாக வைத்துக்கொண்டால் தள்ளிப்போட வசதி.

3. ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர் என்று கேளுங்கள். முதன்முறை என்றால் ஒருவருக்கு ஒருவர் நல்லது.

4. சிலிண்டர் காற்றை முகர்ந்து பாருங்கள். எண்ணெய் வாடை வந்தால் வேண்டாம். நல்லெண்ணெய் முகர்ந்து வாங்குகிற நமக்கு இது கஷ்டமில்லை.

5. சிலிண்டரில் 200 பார் அளவுக்குக் காற்று அடைப்பார்கள். 50 பார் மிச்சமிருக்கும்போதே மேலே வந்துவிட வேண்டும். 10 மீட்டரில் காற்று இருமடங்கு வேகத்தில் தீரும் என்பதை மறக்கக் கூடாது.

6. ஒருமுறை இறங்கினால் 12 மணி நேரமும், பலமுறை இறங்கினால் குறைந்தது 18 மணி நேரமும் விமானம் ஏறக் கூடாது. ஆகவே கடலை முதலிலும், செல்லுலார் சிறையைக் கடைசியிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

7. பவளத்தைத் தொடாதீர்கள், எடுக்காதீர்கள். எடுப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

நிறைவாக ஒன்று. கெட்டுப்போன சரக்கை, பணம் போட்டாயிற்றே என்று நாம் வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சமைப்பதில்லை. அன்று தம்பியிடம் மட்டும் அந்தக் கணக்கைப் போட்டுவிட்டோம். கட்டிய பணம் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். எனவே எந்தக் கடையில் "இன்று வேண்டாம்" என்று சொல்கிறார்களோ, அந்தக் கடையை நம்பி இறங்குங்கள். பிள்ளைகளோடு போய் நலமாகத் திரும்பி வாருங்கள்.