மீன் தொட்டிக்கு எந்தச் செடி? ஆம்பூர்த் தண்ணீருக்கு ஏற்றது வாலிஸ்னேரியா

வண்ண மீன் வளர்ப்பு பெருகியுள்ள அளவுக்கு, மீன் தொட்டிகளில் நடப்படும் உயிருள்ள நீர்ச் செடிகளுக்கும் தேவை இருக்கிறது. சென்னை கொளத்தூரில் வீட்டுக் கொல்லையில் சிமெண்டுத் தொட்டி கட்டி வண்ண மீன் வளர்ப்போர் ஏராளம். அங்குள்ள கடைகளில் மீனோடு செடியும் விற்பனையாகிறது. ஐந்து சென்ட் இடமும், ஒரு கிணறும், சிறிது நிழலும் உள்ள சிறு விவசாயி இதனை ஒரு துணைத் தொழிலாக மேற்கொள்ளலாம். ஆம்பூர், சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் அமைந்திருப்பதால் இரு நகரங்களுக்கும் செடிகளை அனுப்புவது எளிது.

ஆனால் எந்தச் செடியை வளர்ப்பது என்பதில்தான் இலாபமும் நட்டமும் அடங்கியிருக்கின்றன. புதிதாகத் தொடங்குவோர் பெரும்பாலும் இரண்டு செடிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். ஒன்று கபொம்பா, மற்றொன்று வாலிஸ்னேரியா.

இரண்டு செடிகளின் குணம்

கபொம்பா தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்டது. விசிறி போன்று நுண்ணிய இழைகளாகப் பிரிந்த இலைகளை உடையது. பார்வைக்கு மிக அழகானது. தண்டைத் துண்டுகளாக வெட்டிக் கட்டுகளாக விற்கலாம் என்பதால் வியாபாரிகளும் விரும்புவர்.

வாலிஸ்னேரியா நாடா போன்ற நீண்ட இலைகளை உடையது. நம் நாட்டுக் குளம், ஓடைகளிலும் இயற்கையாகக் காணப்படுவது. வேரூன்றி வளர்ந்து, மண்ணின்மேல் ஓடுதண்டு விட்டு, அதன் நுனியில் கன்றுகளை ஈனும். அழகில் கபொம்பாவுக்கு ஒரு படி குறைவுதான். இலை நீளமாவதால் சிறிய தொட்டிகளுக்கு அவ்வளவாகப் பொருந்தாது. பெரிய தொட்டியின் பின்புறத்தில் நட ஏற்றது.

தண்ணீரே தீர்மானிக்கும்

அழகை மட்டும் பார்த்து முடிவு செய்தால் கபொம்பாவைத்தான் நடத் தோன்றும். ஆனால் பயிருக்கு மண் எப்படியோ, நீர்ச் செடிக்குத் தண்ணீர் அப்படி.

கபொம்பா மென்னீரில் வளரும் செடி. தண்ணீரின் கார அமில நிலை 4 முதல் 6 வரை இருக்கும்போது நன்கு வளரும். 8-ஐத் தாண்டினால் இலைகள் உதிர்ந்து வெறும் தண்டு மட்டும் நிற்கும். சுண்ணாம்புச் சத்து மிகுந்த நீரிலும் வளர்ச்சி தடைப்படும். 

வாலிஸ்னேரியா இதற்கு நேர்மாறானது. கடின நீரில் கரைந்துள்ள பைகார்பனேட்டிலிருந்து தனக்கு வேண்டிய கரியை எடுத்துக்கொள்ளும் திறன் அதற்கு உண்டு. காரத்தன்மையுள்ள நீரிலும், சற்று உவர்ப்பான நீரிலும் வளரும்.

ஆம்பூர் வட்டாரத்துத் தண்ணீரின் நிலை யாவரும் அறிந்ததே. தோல் பதனிடும் தொழிலின் கழிவு நீர் பல ஆண்டுகள் பாலாற்றிலும் நிலத்திலும் கலந்ததால் கிணறுகள் பல உப்பேறிவிட்டன. தோல் தொழில் வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனதாகத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி நிலையம் நடத்திய முதல்கட்ட ஆய்வு கூறியது. உச்ச நீதிமன்றம் 28-8-1996 அன்று வழங்கிய தீர்ப்பில் இந்த ஆய்வு குறிப்பிடப்பட்டுள்ளது. பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு வழங்குவது பற்றியும் பாலாற்றைச் சீராக்குவது பற்றியும் 30-1-2025 அன்றும் அந்நீதிமன்றம் உத்தரவிட்டது.

நெல்லும் வாழையும் கைவிட்ட இத்தகைய கிணற்றை நம்பிக் கபொம்பாவில் பணம் போடுவது சரியல்ல. உப்பும் சுண்ணாம்பும் ஓரளவுள்ள தண்ணீருக்கு வாலிஸ்னேரியாவே ஏற்றது.

முதலில் நீர்ப் பரிசோதனை

தொட்டி கட்டுவதற்கு முன் கிணற்று நீரைப் பரிசோதிப்பது அவசியம். மோட்டாரைச் சிறிது நேரம் ஓடவிட்டு, சுத்தமான பாட்டிலை அதே நீரில் கழுவி, அரை லிட்டர் பிடித்து மண் மற்றும் நீர்ப் பரிசோதனை நிலையத்திற்கு அனுப்ப வேண்டும். இது குறித்த ஆலோசனையை விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் பெறலாம்.

பரிசோதனை அறிக்கையில் மின் கடத்தும் திறன், கார அமில நிலை ஆகிய இரண்டையும் கவனிக்க வேண்டும். மின் கடத்தும் திறன் 0.75 டெசி சைமனுக்குக் குறைவாக இருந்தால் உப்பு குறைவு. 0.75 முதல் 2.25 வரை உப்பு அதிகம். 2.25-க்கு மேல் மிக அதிகம். அத்தகைய நீரை அப்படியே பயன்படுத்தாமல், சேமித்த மழை நீரைச் சரிபாதி கலந்து பயன்படுத்துவது நல்லது.

அறிக்கை வந்த பின்னும் ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம். இரண்டு பிளாஸ்டிக் வாளிகளில் கிணற்று நீரை நிரப்பி, ஒன்றில் கபொம்பா, மற்றொன்றில் வாலிஸ்னேரியா நட்டு, நிழலில் மூன்று வாரம் வைக்க வேண்டும். எது புதிதாகத் துளிர்க்கிறதோ அதுவே அந்தக் கிணற்றுக்கு உரிய செடி. வாளிச் சோதனைக்கு ஆகும் செலவு சிறிது. தொட்டி கட்டிய பின் ஏற்படும் நட்டம் பெரிது.

வளர்ப்பு முறை

தொட்டி ஒன்றரை அடி ஆழம் இருந்தால் போதுமானது. புதிய சிமெண்டுத் தொட்டியில் சுண்ணாம்பு கசியும். ஆதலால் இரண்டு மூன்று முறை நீர் நிரப்பி, சில நாள் ஊறவைத்து வடித்துவிட வேண்டும். அடியில் நன்கு கழுவிய மணலை 6 முதல் 8 செ.மீ. கனத்திற்குப் பரப்ப வேண்டும். பச்சைச் சாணம் இடக் கூடாது. அது அழுகி நீரைக் கெடுத்துவிடும். தொட்டியின் மேல் பாதி நிழல் தரும் வலையோ கீற்றுப் பந்தலோ அமைக்க வேண்டும். வெயில் அதிகம் பட்டால் பச்சைப் பாசி படர்ந்து இலைகளை மூடும்.

வாங்கி வந்த கன்றுகளை இளஞ்சிவப்பு நிறத்தில் கரைத்த பொட்டாசியம் பெர்மாங்கனேட்டு நீரில் 10 நிமிடம் நனைத்து, நல்ல நீரில் அலசி நட வேண்டும். கன்றுக்குக் கன்று 10 செ.மீ. இடைவெளி விடலாம். வேர் மட்டுமே மணலுக்குள் இருக்க வேண்டும். இலைகள் கிளம்பும் குருத்துப் பகுதி புதைந்தால் செடி அழுகிவிடும்.

நட்ட சில நாட்களில் பழைய இலைகள் கரைந்து போவதுண்டு. செடி செத்துவிட்டது என்று பிடுங்கி எறியக் கூடாது. வேரும் குருத்தும் உறுதியாக இருந்தால் புது இலைகள் வரும்.

தண்ணீர் ஆவியாகும்போது உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். குறைந்த அளவைக் கிணற்று நீராலேயே ஈடுசெய்து வந்தால் உப்பு மேலும் மேலும் ஏறும். ஆகவே ஆவியான அளவுக்கு மழை நீர் ஊற்றுவதும், வாரம் ஒரு முறை கால் பங்கு நீரை மாற்றுவதும் நல்லது. அதே தொட்டியில் மீனும் வளர்க்க விரும்புவோர் கடின நீரைத் தாங்கும் கப்பி, மோலி வகைகளை விடலாம். தாமிரம் கலந்த மீன் மருந்துகள் செடியைப் பாதிக்கும்.

நல்ல வளர்ச்சியிருந்தால் சுமார் இரண்டு மாதத்தில் ஓடுதண்டுகளில் கன்றுகள் பெருகும். நான்கைந்து இலைகளும் சொந்த வேரும் வந்த கன்றுகளை மட்டும் தண்டை வெட்டிப் பிரிக்க வேண்டும். ஈரச் செய்தித்தாளில் சுற்றிப் பிளாஸ்டிக் பையில் இட்டு, வெயில் படாமல் அனுப்பலாம். வாங்குபவரை முன்னதாகவே பேசி வைத்துக்கொண்டு, முதலில் ஒரே ஒரு தொட்டியோடு தொடங்குவது அறிவுடைமை.

எச்சரிக்கை தேவை

உப்பு நீரைத் தாங்கும் செடி என்பதற்காக, தோல் கழிவு கலந்த நீரில் வாலிஸ்னேரியாவை வளர்க்கக் கூடாது. இச்செடி நீரிலுள்ள குரோமியத்தைத் தன் உடலில் ஈர்த்துச் சேர்த்துக்கொள்ளும் என்பது லக்னோ தேசிய தாவரவியல் ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகளின் ஆய்வுகளில் தெரியவந்துள்ளது. கழிவு கலந்த ஏரி, ஓடைகளிலிருந்து செடிகளைப் பிடுங்கி வந்து விற்பதும், கழித்த செடிகளை மாட்டுக்குப் போடுவதும் தவறு.

கபொம்பாவை வளர்ப்பவர்களுக்கு மேலும் ஒரு பொறுப்பு உண்டு. ஒடிந்த ஒரு தண்டுத் துண்டிலிருந்தே அது பல்கிவிடும். கேரளத்தில் கோழிக்கோடு மாவட்டம் பேராம்பிரை அருகே ஆவளப்பாண்டியில் 2020 நவம்பரில் ஓடை முழுவதும் இளஞ்சிவப்புப் பூக்கள் பூத்தன. அதைக் காண மக்கள் திரண்டனர். அப்படிப் பூத்தது கபொம்பா இனத்தைச் சேர்ந்த அயல்நாட்டுச் செடிதான். காண்பதற்கு அழகாக இருந்தாலும், நீரோட்டத்தைத் தடுத்து நெல் வயல் பகுதிகளுக்குத் தொல்லை தரும் களை அது. ஆகவே கழித்த செடிகளை வாய்க்காலிலோ ஏரியிலோ போடாமல், வெயிலில் நன்கு உலர்த்திக் குழியில் புதைக்க வேண்டும்.

மென்னீர்க் கிணறும் மழை நீர்ச் சேமிப்பும் உள்ளவர்கள் கபொம்பாவைக் கவனத்துடன் வளர்க்கலாம். மற்றவர்கள் வாலிஸ்னேரியாவைத் தேர்ந்தெடுப்பதே பாதுகாப்பானது. கடையில் எது அழகாக இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன், தம் கிணற்று நீர் எதைத் தாங்கும் என்று அறிந்து செயல்படும் விவசாயிகள் இத்துணைத் தொழிலில் கைப்பொருளை இழக்காமல் பயன் பெறலாம்.