ஊருக்கு ஒரு மாவாலைக்காரர்

சென்னையில் ஜெர்மன் கற்பிக்கும் மாக்ஸ் முல்லர் பவனுக்குப் பெயர் தந்தவர் ரிக் வேதத்தைப் பதிப்பித்த மொழியறிஞர். 1974 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் வெற்றிக் கோலை அடித்தவர் கெர்ட் முல்லர். 2009இல் இலக்கிய நோபல் பெற்றவர் ஹெர்ட்டா முல்லர். டிடிடியின் பூச்சிக்கொல்லித் திறனைக் கண்டறிந்து 1948இல் மருத்துவ நோபல் பெற்ற பால் முல்லர் சுவிட்சர்லாந்துக்காரர். இவர்களை இணைப்பது ரத்த உறவு அல்ல, ஒரு தொழிலின் பெயர். முல்லர் என்றால் மாவாலைக்காரர். ஜெர்மனியில் மிக அதிகம் பேருக்கு இருக்கும் குடும்பப் பெயர் இதுதான். ஏன் என்பதற்கு அந்த ஆலையே விடை சொல்கிறது.

ஓடையை மறித்து, வாய்க்காலில் விட்ட நீர் பெரிய மரச்சக்கரத்தைச் சுழற்றும். பல்சக்கரங்கள் அந்தச் சுழற்சியைப் பல மடங்கு வேகமாக்கி மேலே கல்லுக்குக் கொண்டுபோகும். கல் இரண்டு, திரிகையில் இருப்பதுபோலவே: அடிக்கல் அசையாது, மேற்கல் சுற்றும். நடுத்துளையில் சிறுகச் சிறுக விழும் தானியத்தை, கல்முகத்தில் வெட்டிய சால்கள் கத்தரிக்கோல்போல நறுக்கி, மாவாக்கி, விளிம்புக்குத் தள்ளும். கற்கள் ஒன்றையொன்று தொட்டுவிடக் கூடாது. தொட்டால் பொறி பறந்து மாவுத்தூசியில் தீப்பிடிக்கும். அதனால் ஆலைக்காரர் விழும் மாவைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே தேய்த்து, சூட்டையும் நைசையும் பார்த்தபடி இருப்பார். சால் மழுங்கினால் மேற்கல்லைப் புரட்டிப் போட்டு, அம்மி கொத்துவதுபோல் கொத்த வேண்டும். எத்தனை நுட்பமான கைவேலை!

அணை, நீருரிமை, கல் என்று இத்தனை செலவு பிடிப்பதால் சிற்றூர்களில் ஆலை ஒன்றுக்கு மேல் அமைவது அரிது. பிரபுவின் ஆலையில்தான் அரைக்க வேண்டும் என்ற கட்டாயமும் பல இடங்களில் இருந்தது. இடைக்காலத்தில் ஒரே ஊரில் பல ஹான்ஸ்கள் இருந்தபோது, 'ஆலைக்கார ஹான்ஸ்' என்றால் ஒருவரைத்தான் குறிக்கும். ஆக, அந்தப் பெயர் பெருகியது ஆலைக்காரர்கள் ஏராளமாக இருந்ததால் அல்ல. ஊர்தோறும் ஒருவர் தனித்துத் தெரிந்ததால். உழவர்கள்தானே மிக அதிகம், அவர்கள் பெயரான பவுவர் அல்லவா முதலில் நிற்க வேண்டும் என்று கேட்கலாம். ஊரே உழுகிற இடத்தில் 'உழவர் ஹான்ஸ்' யாரைச் சுட்டும்? பவுவர் பட்டியலில் உண்டு, ஆனால் முதலிடத்துக்கு வெகு கீழே. கொல்லரும் ஊருக்கு ஒருவர்தானே என்பது இன்னும் வலுவான கேள்வி. கொல்லரைக் குறிக்கும் ஷ்மிட் இருப்பது இரண்டாமிடத்தில். ஷ்மிட்ஸ் முதலிய பல எழுத்துவடிவங்களாகச் சிதறியும் அந்த இடம்! சேர்த்து எண்ணினால் முல்லரோடு மல்லுக்கு நிற்கும். இந்தக் கேள்வி என் வாதத்துக்குத்தான் துணை.

பெயர் இப்படிப் பெருகிய பிறகு, அதன் பழைய வேலையை வேறொன்று செய்ய வேண்டிவந்தது. 1436இல் பிராங்கோனியாவின் கோனிக்ஸ்பெர்க்கில் பிறந்த வானியலறிஞர் யொகான்னஸ் முல்லரை வரலாறு ரெஜியோமொன்டானஸ் என்றே அழைக்கிறது. அது அவருடைய ஊர்ப்பெயரின் லத்தீன் வடிவம்.