கடிக்கும் பிள்ளை என்ன கேட்கிறது?

அறிவுசார் குறைபாடோ ஆட்டிசமோ உள்ள ஒருவர் தன் கையைத் தானே கடித்துக்கொள்கிறார், சுவரில் தலையை மோதுகிறார், பக்கத்தில் இருப்பவரை அடிக்கிறார், கதவு திறந்தால் ஓடிவிடுகிறார் என்றால், அது எதனால் நடக்கிறது என்று கண்டறிந்து அந்தக் காரணத்தைச் சரிசெய்யும் பணிக்கு நேர்மறை நடத்தை ஆதரவு என்று பெயர். அடித்து அடக்குவதும், கட்டிப்போடுவதும், அறையில் பூட்டுவதும் இதில் சேராது. காரணத்தைத் தேடாமல் தூக்க மாத்திரையை மட்டும் நம்புவதும் சேராது. பேச்சு வராத ஒருவருக்கு நடத்தைதான் பேச்சு என்பது இந்தப் பணியின் அடிப்படை. கடிப்பதை நிறுத்துவதற்கு முன், அந்தக் கடி எதைக் கேட்கிறது என்று தெரிந்தாக வேண்டும்.

சேலம், நாமக்கல் சமவெளியின் பெரும்பாலான வீடுகளுக்கு இந்தப் பெயர் புதியது. நிலைமை மட்டும் பழகியது. அதை ‘அடம்’ என்பார்கள், ‘மூர்க்கம்’ என்பார்கள். ஊர்ப் பெரியவர்கள் ‘காத்து கருப்பு’ என்று மந்திரிக்கக் கூட்டிப்போவார்கள். கயிறு கட்டி, விபூதி பூசி, கோயிலில் ஒரு மண்டலம் தங்கவைத்தும் மாறாதபோது, பழி தாயின் மேல் விழும்: ‘செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டா.’ வேண்டுதலில் குறை சொல்ல எதுவும் இல்லை. பழியில் இருக்கிறது.

நேர்மறை நடத்தை ஆதரவு வேறொரு முறையின் தவறுகளிலிருந்து பிறந்தது. 1960-களில் அமெரிக்காவில் வளர்ந்த நடத்தைப் பகுப்பாய்வு, பரிசும் தண்டனையும் நடத்தையை மாற்றும் என்று காட்டியது. அந்தத் தண்டனைகளில் மின் அதிர்ச்சியும் இருந்தது. 1985-இல் எட்வர்ட் கார், மார்க் டியூராண்ட் என்ற இரு ஆய்வாளர்கள் வேறு வழியைக் காட்டினார்கள். பாடம் கடினமாக இருக்கும்போது தொல்லை செய்யும் குழந்தைக்கு ‘எனக்குப் புரியவில்லை, உதவுங்கள்’ என்று கேட்கக் கற்றுக்கொடுத்தபோது தொல்லை குறைந்தது. கேட்கும் வழி கிடைத்ததும் அடிக்கும் தேவை போய்விட்டது. 1990-இல் ராபர்ட் ஹார்னர் உள்ளிட்டோர் தண்டனையற்ற ஆதரவு முறையை விளக்கி எழுதிய கட்டுரைக்குப் பிறகு இது தனித்துறையாக வளர்ந்தது.

இந்தியாவும் அதிகம் பின்தங்கி இருக்கவில்லை. செகந்திராபாத்தில் 1984-இல் தொடங்கப்பட்ட தேசிய மனவளர்ச்சி குன்றியோர் நிறுவனத்தில் ரீட்டா பெஷாவாரியாவும் எஸ். வெங்கடேசனும் 1992-இல் ஆசிரியர்களுக்கான நடத்தைப் பயிற்சிக் கையேட்டை எழுதினார்கள். இந்தியக் குழந்தைகளுக்கென்றே அவர்கள் உருவாக்கிய மதிப்பீட்டு அளவுகோலின் இரண்டாம் பகுதி, பிரச்சினை நடத்தைகள் 75-ஐப் பத்துத் தலைப்புகளில் வரிசைப்படுத்துகிறது. வன்முறை, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளுதல், திரும்பத் திரும்பச் செய்தல், அச்சம் ஆகியவை அவற்றில் சில. சிறப்புப் பள்ளி ஆசிரியர்களுக்கு இந்த அளவுகோல் நன்கு பழக்கம். வீடுகளுக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

வேலை எப்படி நடக்கும் என்பதைப் பார்க்க, குமாரபாளையத்தில் ஒரு விசைத்தறி வீட்டைக் கற்பனை செய்துகொள்ளலாம். முன்பக்கம் தறிக்கூடம், பின்பக்கம் குடியிருப்பு, இரண்டுக்கும் நடுவே ஒரே சுவர். பன்னிரண்டு வயதுப் பையன், ஆட்டிசம், பேச்சு இல்லை. தினமும் மணிக்கட்டைக் கடித்துக் காயப்படுத்திக்கொள்கிறான். ‘திடீர்னு கடிக்கிறான், காரணமே இல்லை’ என்கிறார் அம்மா. இங்கே முதல் மருந்து ஒரு நாற்பது பக்க நோட்டு. அதில் மூன்று பத்தி: கடிப்பதற்கு முன் என்ன நடந்தது, எப்படிக் கடித்தான், கடித்த பிறகு மற்றவர்கள் என்ன செய்தார்கள். நேரத்தையும் குறிக்க வேண்டும். ‘கோபப்பட்டான்’ என்று எழுதக் கூடாது. கோபம் என்பது எழுதுபவரின் ஊகம். ‘இடது மணிக்கட்டைக் கடித்தான், அரை நிமிடம்’ என்பதே கண்ணால் கண்டது.

இரண்டு வாரம் எழுதினால் ‘திடீர்’ என்ற சொல் மெல்ல மறையும். மின்சாரம் போனால் தறிகள் நின்று தெருவே அமைதியாகும். திரும்பி வந்ததும் எல்லாத் தறிகளும் ஒன்றாக ஓடத் தொடங்கும். கடியில் பாதிக்கு மேல் அந்தச் சில நிமிடங்களில் விழுந்திருக்கிறது. மீதி, அம்மா தறிக்கு நூல் தார் சுற்ற உட்கார்ந்த நேரங்களில். மூன்றாம் பத்தியில் எல்லா நாளும் ஒரே வரி: ‘தூக்கிக்கொண்டு கொல்லைப்புறம் போனேன்.’ அதாவது, கடித்தால் சத்தத்திலிருந்து விடுதலை கிடைக்கிறது. அந்தப் பையனிடம் இருக்கும் ஒரே சாவி கடிதான், அது ஒவ்வொரு முறையும் கதவைத் திறக்கிறது. அவன் பக்கத்திலிருந்து பார்த்தால் கடி பொருள் உள்ள செயல்.

திட்டம் அதிலிருந்து எழுதப்படும். கொல்லையில் இருக்கும் வேப்பமரத்தையும் கயிற்றுக் கட்டிலையும் படம் பிடித்து ஓர் அட்டையில் ஒட்டி, அவன் கைக்கெட்டும் இடத்தில் மாட்ட வேண்டும். அவன் அமைதியாக இருக்கும் நேரத்தில், கையைப் பிடித்து அட்டையை எடுக்க வைத்து, உடனே கொல்லைக்குக் கூட்டிப்போக வேண்டும். ஒரு நாளைக்குப் பத்து முறை என்றாலும் சலிக்கக் கூடாது. முதல் வாரங்களில் அட்டை ஒருமுறைகூட ஏமாற்றக் கூடாது. மின்சாரம் போன உடனே அவனை வெளியே அழைத்துச் சென்றுவிட்டால், தறி ஓடத் தொடங்கும் நேரத்தில் அவன் உள்ளே இருக்க மாட்டான். காதை மூடும் கவசம் ஒன்றையும் பழக்கலாம். தார் சுற்றும் நேரத்தில் அவன் கைக்கும் ஒரு வேலை வேண்டும், காலிக் குச்சிகளை எடுத்துப் பெட்டியில் போடுவது போல. கடித்துவிட்டால் திட்டாமல், கெஞ்சாமல், காயத்தைத் துடைத்து, அட்டையைக் காட்ட வேண்டும். கவனித்தால் ஒன்று புரியும்: இந்தத் திட்டத்தில் முதலில் மாறுவது வீடு.

பல குடும்பங்கள் கைவிடும் கட்டம் இதற்குப் பிறகுதான் வருகிறது. இதுவரை பலித்த வழி பலிக்காதபோது எவரும் முதலில் அதையே இன்னும் பலமாகச் செய்து பார்ப்பார்கள். பழுதான ஸ்விட்சை நாமும் நாலைந்து முறை அழுத்துகிறோம் அல்லவா, அதைப் போல. மிட்டாய்க்காக அழும் பிள்ளைக்கு இரண்டு நாள் மறுத்து, மூன்றாம் நாள் அழுகை உச்சத்துக்குப் போகும்போது ‘பாவம், பச்சப்புள்ள’ என்று அப்பத்தா கொடுத்துவிட்டால், இனி அந்த உச்சம்தான் தொடக்கப் புள்ளி. அப்பத்தாவின் மனசில் தப்பில்லை. திட்டத்தை அவருக்கும் உட்காரவைத்துச் சொல்லாததுதான் தப்பு. தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் பிள்ளையிடம் ‘கண்டுகொள்ளாமல் விடுவது’ ஆபத்தும்கூட. அங்கே பயிற்சி பெற்றவர் துணை கட்டாயம் வேண்டும்.

நடத்தைக்குக் காரணங்கள் ஆயிரம் இல்லை. கவனம் வேண்டும், ஒரு பொருள் வேண்டும், ஒரு வேலையோ இடமோ வேண்டாம், அல்லது அந்தச் செயலே உடலுக்கு ஒரு சுகம் தருகிறது. பெரும்பாலும் இந்த நான்கில் அடங்கும். ஆனால் இவற்றுக்கு முன்பாகப் பார்க்க வேண்டியது வலி. சொத்தைப் பல், சீழ் பிடித்த காது, நான்கு நாள் மலச்சிக்கல், வயிற்றெரிச்சல் என எதையும் பேச்சு வராத பிள்ளை சொல்லாது. கன்னத்தில் அறைந்துகொள்ளும். மாதத்தில் சில நாட்கள் மட்டும் மூர்க்கமாகும் பெண்ணின் நோட்டில் மாதவிடாய்த் தேதியையும் குறித்தால் விடை பல நேரம் அங்கேயே இருக்கும். வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு வலிப்புக்கு முன்னும் பின்னும் நடத்தை மாறும், சில மாத்திரைகளாலும் மாறும். பல் மருத்துவரையும் காது மருத்துவரையும் பார்க்காமல் தொடங்கும் நடத்தைத் திட்டம் அரைகுறையானது.

மனநல மருந்துக்கும் இடம் உண்டு. ஆட்டிசக் குழந்தைகளின் கடும் எரிச்சலுக்கு ரிஸ்பெரிடோனை அமெரிக்க மருந்து நிர்வாகம் 2006-இல் அனுமதித்தது. இங்கும் மருத்துவர்கள் அதை எழுதுகிறார்கள். ஆனால் மருந்து எரிச்சலைத் தணிக்கும், அட்டையைக் காட்டிக் கேட்கக் கற்றுத்தராது. பிற சிகிச்சைகளோடு சேர்த்தே இத்தகைய மருந்தைத் தர வேண்டும் என்கிறது பிரிட்டனின் 2015-ஆம் ஆண்டு வழிகாட்டுதல். மருந்தை மருத்துவரைக் கேட்காமல் நிறுத்துவதும் கூடாது.

கட்டிப்போடுவதைப் பற்றித் தமிழ்நாட்டுக்குத் தனியாகச் சொல்லவே தேவையில்லை. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் கருகினார்கள். 28 உயிர்கள் போயின. உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து அந்த வழக்கை எடுத்துக்கொண்டது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் மனநோய் உள்ளவரை எந்த வடிவிலும் சங்கிலியால் பிணைப்பதைத் தடை செய்கிறது. அந்தச் சட்டத்தின் ‘மனநோய்’ என்ற விளக்கத்தில் அறிவுசார் குறைபாடு சேராது என்பதால் ஓட்டை இருப்பதாக யாரும் நினைக்க வேண்டியதில்லை. அவர்களுக்கு 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கிறது. 21 வகைக் குறைபாடுகளைக் கொண்ட அந்தச் சட்டம், கொடுமையாகவும் மனிதத்தன்மையற்றும் நடத்துவதிலிருந்து பாதுகாக்கும் பொறுப்பை அரசுக்குத் தருகிறது. துன்புறுத்தல் பற்றி எவரும் நிர்வாக நடுவரிடம் தகவல் தரலாம். பள்ளியில் பிரம்பெடுப்பதை 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடுக்கிறது, சிறப்புப் பள்ளியென்று விதிவிலக்கு இல்லை.

வீட்டில் மகனைத் தூணில் கட்டிவிட்டு வேலைக்குப் போகும் தாயைக் குற்றவாளியாக்கி ஆவது ஒன்றுமில்லை. கோழிப்பண்ணைக்கோ சேகோ ஆலைக்கோ போனால்தான் அவருக்கு அன்றைய கூலி. பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, வெளியே விட்டால் ரிங் ரோடு. கயிற்றுக்குப் பதில் என்ன என்ற கேள்விக்கு விடை தராத சட்டம் பாதிச் சட்டம்தான்.

அந்த விடையை ஆஸ்திரேலியா ஒரு சேவையாகவே அமைத்திருக்கிறது. 2013-இல் தொடங்கிய தேசிய மாற்றுத்திறனாளிகள் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ், தகுதியானவர்களுக்கு நடத்தை ஆதரவுத் திட்டம் எழுதும் வல்லுநருக்கு அரசே பணம் தருகிறது. தனிமைப்படுத்துதல், மருந்தால் அடக்குதல், கருவியால் கட்டுதல், கையால் அமுக்குதல், குளிர்சாதனப் பெட்டிக்குப் பூட்டுப் போடுவது போலச் சூழலைப் பூட்டுதல் ஆகிய ஐந்தையும் கட்டுப்பாட்டு முறைகள் என்று வகைப்படுத்தி, சேவை நிறுவனங்கள் அவற்றைப் பயன்படுத்தினால் கண்காணிப்பு ஆணையத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டும் என்று வைத்திருக்கிறது.

இங்கே அந்தப் பணி பல கைகளில் சிதறிக் கிடக்கிறது. குழந்தை சிறியதென்றால், 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்படி அரசு மருத்துவமனைகளை ஒட்டி அமைந்த மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையத்துக்குப் போகலாம். பள்ளி வயதென்றால், வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநர். பள்ளிக்கு வர இயலாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து பயிற்சி தரும் ஏற்பாடும் உண்டு. மனநல மருத்துவருக்கு சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், 2022-இல் திறக்கப்பட்ட நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. உலக வங்கிக் கடனுதவியுடன் தமிழக அரசு நடத்தும் ‘உரிமைகள்’ திட்டத்தின் விழுதுகள் மையங்கள், சிகிச்சைகளை ஒரே கூரையின் கீழ் ஊருக்கு அருகில் கொண்டுவரும் முயற்சி. முட்டுக்காட்டில் 2005 முதல் இயங்கும் பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் ஆட்களுக்குப் பயிற்சி தருகிறது.

இடைவெளி பெரிதாக இருப்பது பதினெட்டு வயதுக்குப் பிறகு. பள்ளி முடிந்த அன்றிலிருந்து நாள் முழுவதும் வெறும் திண்ணை. வேலையற்ற, மாற்றமற்ற நாளே பல நடத்தைகளுக்கு விதை. அதனால்தான் நல்ல திட்டம் எதுவும் ‘என்ன செய்யக் கூடாது’ என்பதோடு நிற்பதில்லை, அந்த ஆளுக்கு ஒரு நாள் எப்படி இருக்க வேண்டும் என்றும் எழுதுகிறது. முட்டை அட்டை அடுக்குவது, சாக்கு மடிப்பது, கோயில் தோட்டத்துக்குத் தண்ணீர் விடுவது என்று விருப்பமும் கூலியும் உள்ள வேலை அந்தத் திட்டத்தின் பகுதி. திருவிழாவும் அப்படியே. ஆடியில் சேலம் கோட்டை மாரியம்மன் விழாவின் மேளமும் வெடியும் தாங்காதவரை வீட்டில் பூட்டிவைக்க வேண்டியதில்லை. கூட்டம் இல்லாத நேரத்தில், முன்பே படம் காட்டிச் சொல்லி, பத்து நிமிடம் அழைத்துப்போய்த் திரும்பலாம்.

அறிவுசார் குறைபாடுடையோருக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகையைத் தமிழக அரசு வழங்குகிறது. 18 வயதைக் கடந்தவருக்குச் சட்டப்படியான பாதுகாவலரை நியமிக்க, 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் தலைமையில் உள்ளூர்க் குழு இருக்கிறது. இரண்டுக்கும் ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகலாம். திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனுவும் கொடுக்கலாம். எந்த மருத்துவரிடமோ பயிற்றுநரிடமோ போனாலும், போவதற்கு முன் இரண்டு வாரம் அந்த மூன்று பத்தி நோட்டை எழுதி எடுத்துச் செல்லுங்கள்.