ஜாப் என்றால் துண்டு வேலை

சோளிங்கர் பெரிய மலையில் யோக நரசிம்மரைப் பார்க்க 1,305 படிகள் ஏற வேண்டும். ரோப் கார் 2024-இல்தான் வந்தது. அதற்கு முன், நடக்க முடியாதவர்களை டோலியில் சுமந்து போனவர்களுக்கு மாதச் சம்பளம் என்று ஒன்றில்லை. ஓர் ஆளை ஏற்றி இறக்கினால் அதற்கொரு கூலி, அவ்வளவுதான். ஊரில் யாரும் அதை 'ஜாப்' என்று சொல்லியிருக்க மாட்டார்கள். 16-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயனைக் கேட்டால், அதுதான் ஜாப் என்றிருப்பான்.

1550-களில் எழுத்தில் தலைகாட்டிய இந்தச் சொல்லுக்கு, தொடர்ந்து பார்க்கும் வேலையிலிருந்து பிரித்தெடுத்த ஒரு துண்டு என்று பொருள். கட்டி, கவளம் என்று பொருள்படும் 'காப்' என்ற பழஞ்சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்பது ஊகம்; உறுதியில்லை. 1755-இல் அகராதி வெளியிட்ட சாமுவேல் ஜான்சனும் வேர் தெரியவில்லை என்று கைவிரித்தார். கூடவே, மட்டமான சொல் என்று ஒரு குட்டும் வைத்தார். காரணம் இருந்தது. பொதுப் பதவியை வைத்துத் தனக்கு வேண்டியதைச் சுருட்டிக்கொள்வதற்கும் அந்தக் காலத்தில் ஜாப் என்றே பெயர்! பம்பாய்ப் பஞ்சாலைகளில் ஆள் சேர்த்துவிட்டு மாமூல் வாங்கிய மேஸ்திரி 'ஜாபர்'. அவருடைய பிடியைத் தளர்த்தச் சொன்னது 1931-இல் வந்த ராயல் தொழிலாளர் கமிஷன் அறிக்கை.

சம்பளத்தோடு கூடிய நிலையான உத்தியோகம் என்ற பொருள் 19-ஆம் நூற்றாண்டில்தான் வந்து ஒட்டிக்கொண்டது.

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடித் தோல் வட்டாரத்தில் இரண்டு பொருளும் அக்கம்பக்கத்தில் குடியிருக்கின்றன. ஷூ கம்பெனியில் பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் போகக் கையில் வாங்கினால் 'ஜாப்'. 'ஜாப் ஒர்க்' வேறு. தோலை வாங்கியவர் ஒருவர், பதனிடுபவர் இன்னொருவர். சொந்தமாகத் தோல் வாங்க முதலில்லாதவர்கள், அடுத்தவர் சரக்கைச் சீவியும் சாயமேற்றியும் கொடுத்துச் சதுர அடிக் கணக்கில் காசு வாங்குகிறார்கள். இதன் கடைசிக் கண்ணி ஆம்பூர்ப் பக்கத்து வீட்டுத் திண்ணைகளில் இருக்கிறது. ஷூவின் மேல்பாகத்தை, 'அப்பர்' என்பார்கள், பெண்கள் ஊசியால் கையாலேயே தைக்கிறார்கள். கூலி ஜோடிக்கு இவ்வளவு என்று, பி.எஃப். பேச்சே கிடையாது.

ஜி.எஸ்.டி. சட்டம் ஜாப் ஒர்க்குக்குத் தனி இலக்கணமே வகுத்திருக்கிறது: பதிவு பெற்ற வேறொருவருக்குச் சொந்தமான பொருளின் மீது செய்யும் வேலை. அனுப்பிய சரக்கு ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும். தவறினால் அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கொண்டு வரி. தோலுக்கு இத்தனை கெடுபிடி. திண்ணையில் தைப்பவர்களுக்காக சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996-இல் வீட்டிலிருந்தே கூலிக்குச் செய்யும் வேலைக்கான உடன்படிக்கை ஒன்றை நிறைவேற்றியது. ஆலைத் தொழிலாளிக்கு நிகராக அவர்களையும் நடத்தச் சொல்லும் அந்த உடன்படிக்கையை இந்தியா ஏற்று உறுதிசெய்யவில்லை.