மச்சமா, தேமலா?

நகரி, புத்தூர், சத்தியவேடு பக்கம் நம்மில் பலர் வீட்டில் தமிழ் பேசுகிறோம். சித்தூர், திருப்பதி ஆஸ்பத்திரிகளில் பெரும்பாலும் தெலுங்குதான். காய்ச்சல், வயிற்றுவலி என்றால் கையைக் காட்டியே சமாளித்துவிடலாம். தொழுநோய்க்கு அது போதாது.

தெலுங்கில் 'மச்ச' என்றால் தோலில் உள்ள திட்டு. "மச்ச உந்தா?" என்று நர்சம்மா கேட்கிறார். பாட்டி கன்னத்து மச்சத்தைக் காட்டுகிறார். 'திம்மிரி' என்றால் மரத்துப்போவது. "யாருக்குத் திமிர்?" என்று பாட்டிக்குக் கோபம் வருகிறது. கேட்கச் சிரிப்பாக இருக்கிறது. ஆனால் முதுகில் உள்ள திட்டை யாரும் பார்க்கவில்லையே!

அந்தத் திட்டு வெளுத்தோ சிவந்தோ இருக்கும். வலிக்காது. தொட்டாலும் உணர்வு இருக்காது. வலி இல்லை என்பதால் பலர் விட்டுவிடுகிறார்கள். ஊருக்குப் பயந்து மறைப்பவர்களும் உண்டு. இது சாபமா? இல்லை. ஒரு கிருமியால் வருவது. 1873இல் நார்வே நாட்டு டாக்டர் ஹான்சன் அந்தக் கிருமியைக் கண்டார். பெரும்பாலான மக்களின் உடலுக்கு அதை எதிர்க்கும் சக்தி இயற்கையாகவே உண்டு. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து இலவசம். நோயின் அளவைப் பொறுத்து 6 மாதமோ 12 மாதமோ சாப்பிட வேண்டும். மருந்தைத் தொடங்கிய சில நாட்களிலேயே பிறருக்குப் பரவுவது நின்றுவிடும்.

விரல்கள் ஏன் குறைகின்றன? அழுகி விழுகின்றன என்றே முன்பு நினைத்தார்கள். டாக்டர் பால் பிராண்ட் 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். நோயாளிகளைக் கவனித்துப் பார்த்தார். நோய் நரம்பைக் கெடுக்கிறது. கைக்குச் சூடு தெரிவதில்லை. சுடு பாத்திரத்தைத் தூக்குகிறார்கள். புண் ஆகிறது. புண்ணோடு வேலை செய்வதால்தான் விரல் போகிறது என்று அவர் கண்டார். மடங்கிய விரல்களை அறுவை செய்து நிமிர்த்தியும் காட்டினார்.

சட்டமும் மாறியிருக்கிறது. தொழுநோயாளிகளைப் பிடித்து அடைக்க வழிசெய்த 1898ஆம் ஆண்டுச் சட்டம் 2016இல் நீக்கப்பட்டது. தொழுநோயைக் காட்டி விவாகரத்துக் கேட்கும் வழி 2019இல் அடைபட்டது. குணமான பிறகும் ஊனம் இருந்தால், 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி சான்றிதழ் கேட்கலாம்.

ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் ஒரே வரிசை, ஒரே பெஞ்சு. "நீ தள்ளி நில்" என்று யாராவது சொன்னால் மருத்துவ அதிகாரியிடம் சொல்லுங்கள். தெலுங்கு வராதவர்கள் ஊர் ஆஷா அக்காவைக் கூட்டிப் போங்கள். திட்டை நேராகக் காட்டி, "ஸ்பர்ஷ லேது" என்று சொல்லுங்கள். தொட்டால் உணர்வு இல்லை என்று அதற்கு அர்த்தம்.